கழிவிலிருந்து கான்கிரீட் கல்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இடித்த கட்டடத்தின் கான்கிரீட், அனல்மின் நிலையச் சாம்பல், இரும்பு ஆலைக் கசடு, உடைந்த கண்ணாடி, தேய்ந்த டயர் என்று கான்கிரீட் கல்லுக்குள் போகக்கூடிய கழிவுகளின் பட்டியல் நீளமானது. பட்டியலைப் பார்த்ததும் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துக் கலந்து பார்க்கலாம் என்று ஆசை வரும். அந்த ஆசையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கழிவு எங்கிருந்து வந்தது, கலவைக்குள் அது என்ன வேலை செய்யப்போகிறது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தெரியாமல் ஒரு சட்டிக் கழிவைக்கூட மிக்சரில் போடக் கூடாது. நல்ல கல்லும் மோசமான கல்லும் பெரும்பாலும் அச்சில் பிரிவதில்லை. கழிவைக் கொட்டிப் பிரிக்கும் இடத்திலேயே பிரிந்துவிடுகின்றன.

இந்த யோசனை புதிதும் அல்ல. இரும்புத் தாதுவை உருக்கும் ஊது உலையின் கசடைச் சூடாக இருக்கும்போதே தண்ணீரில் குளிரவைத்து, சுண்ணாம்போடு சேர்த்தால் அது சிமெண்ட் மாதிரி இறுகும் என்பதை 1862இல் ஜெர்மனியில் எமில் லாங்கன் கண்டறிந்தார். அமெரிக்காவில் ஃபிரான்சிஸ் ஸ்ட்ராப் என்பவர் நிலக்கரி எரிந்த கசடைச் சேர்த்துச் செய்த கட்டடக் கல்லுக்கு 1917இல் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மானிய நகரங்களின் இடிபாடுகளை உடைத்து, அதே ஊர்களைத் திரும்பக் கட்டக் கல் வார்த்தார்கள். ஆக, முடியுமா என்ற கேள்விக்குப் பதில் எப்போதோ கிடைத்துவிட்டது. நமக்கு வேண்டியது எப்படி என்பது மட்டும்.

முதலில் கழிவின் வேலையை முடிவு செய்யுங்கள்

ஒரு கான்கிரீட் கல்லில் ஜல்லி, மணல், சிமெண்ட், தண்ணீர் ஆகிய நான்கும் இருக்கின்றன. கழிவு இவற்றில் முதல் மூன்றில் ஒன்றின் இடத்தைத்தான் பிடிக்க முடியும். உடைத்த பழைய கான்கிரீட் ஜல்லியின் இடத்துக்கு வரும். குவாரித் தூள், கழுவிச் சலித்த இடிபாட்டு மணல், வார்ப்பாலை மணல் போன்றவை மணலின் இடத்துக்கு வரும். ஃப்ளை ஆஷ் (அனல்மின் நிலையப் புகையோடு வரும் நுண்சாம்பல்), அரைத்த ஊது உலைக் கசடு, சரியாக எரித்த உமிச் சாம்பல், மாவாக அரைத்த கண்ணாடி ஆகியவை சிமெண்டின் ஒரு பங்குக்குப் பதிலாக வரும்.

இந்த மூன்றும் வெவ்வேறு வேலை. ஜல்லியின் இடத்தில் இருப்பது சும்மா கெட்டியாக இருந்தால் போதும், ரசாயன வேலை எதுவும் செய்ய வேண்டியதில்லை. சிமெண்டின் இடத்தில் இருப்பதோ வினை புரிந்தாக வேண்டும். சிமெண்ட் தண்ணீருடன் சேரும்போது உண்டாகும் சுண்ணாம்பை ஃப்ளை ஆஷில் உள்ள சிலிக்கா பிடித்துக்கொண்டு, மெதுவாக இன்னும் கொஞ்சம் பசையாக மாற்றுகிறது. பழைய செங்கல்லைக் கையால் இடித்த பொடியும் ஃப்ளை ஆஷைப் போலத் தூள்தானே என்று தோன்றலாம். அதற்காக அதைச் சிமெண்டுக்குப் பதிலாகப் போட்டால் கல் பலவீனமாகத்தான் வரும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை: இடித்த கான்கிரீட்டிலிருந்து தொடங்குங்கள். ஜல்லியில் கால் பங்கை மட்டும் மாற்றுங்கள். அது கைவந்த பிறகு ஃப்ளை ஆஷுக்குப் போங்கள். இந்தியாவின் ஜல்லி, மணலுக்கான தரநிலையான ஐ.எஸ். 383, 2016 திருத்தத்தில், கம்பி இல்லாத கான்கிரீட்டில் பழைய கான்கிரீட் ஜல்லியை 25 சதவீதம் வரை அனுமதிக்கிறது. கல்லுக்கென்று உங்கள் நாட்டில் தனி விதி இருந்தால் அதைப் பாருங்கள். இல்லாவிட்டாலும் கால் பங்கு என்பது நிதானமான தொடக்கம்.

எந்தக் கல், எந்தச் சுவர் என்பதையும் இப்போதே தீர்மானித்துவிடுங்கள். முதல் கற்கள் சுற்றுச்சுவர், தோட்டத் தடுப்பு, பாரம் தாங்காத உள்தடுப்பு ஆகியவற்றுக்குப் போகட்டும். கூரையைத் தாங்கும் சுவருக்கு, சோதனைக்கூடத்தில் நசுக்கிப் பார்த்த முடிவு கையில் வந்த பிறகு போகலாம்.

வாங்கக் கூடாதவை

இங்கிலாந்தின் கார்ன்வால், டெவன் பகுதிகளில் வெள்ளீயம், செம்புச் சுரங்கங்கள் நிறைய இருந்தன. சுரங்கத்தின் ஓரத்தில் குவிந்து கிடந்த கழிவுக் கல் கைக்கெட்டும் தூரத்தில், கேட்பாரில்லாமல் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அதையே ஜல்லியாகப் போட்டுக் கான்கிரீட் கல் செய்து வீடுகள் கட்டினார்கள். அந்தக் கழிவில் பைரைட் போன்ற கந்தகத் தாதுக்கள் இருந்தன. ஈரமும் காற்றும் பட்டபோது கந்தகம் அமிலமானது, அமிலம் சிமெண்டைத் தின்றது, கற்கள் வீங்கி வெடித்தன. அங்கே இந்தச் சிக்கலுக்கு 'மண்டிக்' என்று பெயர். இன்றும் அந்தப் பகுதிகளில் பழைய கான்கிரீட் கல் வீட்டுக்குக் கடன் கேட்டால், சுவரில் துளையிட்டு மாதிரி எடுத்து ஆய்வு செய்துவிட்டுத்தான் பொதுவாகக் கடன் கொடுக்கிறார்கள். கல் வார்த்த அன்று அது நன்றாகத்தான் இருந்திருக்கும். கேடு பல ஆண்டுகள் கழித்து வெளியே வந்தது. கழிவு எங்கிருந்து வந்தது என்று நான் திரும்பத் திரும்பக் கேட்பது இதனால்தான்.

எனவே சுரங்கக் கழிவை ஆய்வக அறிக்கை இல்லாமல் தொடாதீர்கள்.

கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) சிமெண்ட் தகடு கலந்த இடிபாடு எந்த நிலையிலும் கூடாது. அதை உடைத்தால் பறக்கும் இழைகள் நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கும். பழைய நெளிதகடு, பழைய குழாய்த் துண்டு, குழாய்களைச் சுற்றியிருந்த பழைய வெப்பக்காப்பு ஆகியவை கண்ணில் பட்டால் அந்த லோடையே திருப்பி அனுப்புங்கள். பொறுக்கி எடுத்துவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம் என்று நினைக்க வேண்டாம்.

ரசாயன ஆலை, முலாம் பூசும் பட்டறை, எண்ணெய்க் கிடங்கு போன்ற இடங்களில் இடித்த தரையும் வேண்டாம். குப்பை எரிக்கும் ஆலையின் அடிச்சாம்பலில் அலுமினியத் துணுக்குகள் இருக்கும். சிமெண்டின் காரத்தில் அலுமினியம் ஹைட்ரஜன் வாயுவை வெளியிடுவதால் அச்சிலிருந்து எடுத்த கல் உப்பிக் குமிழியிடும். அதில் கன உலோகங்களும் இருக்கலாம். அதை முறையாகப் பதப்படுத்தும் ஆலைகள் உண்டு, ஆனால் அது சின்னப் பட்டறையில் செய்கிற வேலை அல்ல. பழைய தொலைக்காட்சிக் குழாய்க் கண்ணாடியில் ஈயம் உண்டு, அதுவும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

இரும்பு ஆலைக் கசடில் இரண்டு வகை உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஊது உலைக் கசடு வேறு, எஃகு உருக்கும்போது வரும் கசடு வேறு. எஃகுக் கசடில் வினை புரியாத சுண்ணாம்பும் மக்னீசியாவும் தங்கியிருக்கும். கல் இறுகிய பிறகு அவை ஈரத்தை இழுத்து விரிந்தால், முகப்பில் சின்னச் சின்னக் குழிகள் தெறிக்கும், சில நேரம் கல்லே விரிசல் விடும். விற்பவர் 'கசடு' என்று மட்டும் சொன்னால், எந்த உலையிலிருந்து வந்தது என்று கேட்டுவிட்டு மேலே பேசுங்கள்.

பிரிப்பது, உடைப்பது, சலிப்பது

இடிபாடு வந்து இறங்கியதும் அதை மெல்லிய அடுக்காகப் பரப்புங்கள். குவியலாகக் கிடந்தால் உள்ளே இருப்பது தெரியாது. கம்பி, மரத்துண்டு, வயர், பிளாஸ்டிக் குழாய், துணி, காகிதம், மண்ணாங்கட்டி எல்லாவற்றையும் கையால் பொறுக்குங்கள். கையுறை கட்டாயம். மரமும் மண்ணும் ஈரத்தில் ஊறி, காய்ந்து சுருங்கி, கல்லுக்குள் ஓட்டை போடும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது பார்க்கச் சாதுவாக இருக்கும் ஜிப்சம். பொய்க்கூரைப் பலகை, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வேலை, ஜிப்சம் பூச்சு என்று வெள்ளை வெள்ளையாக வரும். அதிலுள்ள சல்பேட், சிமெண்டின் அலுமினேட்டுடன் சேர்ந்து எட்ரிங்கைட் என்ற ஊசிப் படிகமாக வளரும். இறுகிய கான்கிரீட்டுக்குள் அது வளர இடம் இல்லாததால் கல்லைப் பிளக்கும். கண்டுபிடிக்க எளிய வழி நகம். ஜிப்சம் நகத்தால் கீறினால் கீறல் விழும், நல்ல சிமெண்ட் பூச்சில் விழாது. சந்தேகமான வெள்ளைத் துண்டு ஒவ்வொன்றையும் கீறிப் பாருங்கள். முடிந்தால் இடிக்கும் இடத்துக்கே போய், ஜிப்சம் வேலைகளை முதலில் கழற்றி எடுத்துவிட்டு அப்புறம் இடிக்கச் சொல்லுங்கள். கலந்த பிறகு பிரிக்கும் உழைப்பில் பத்தில் ஒரு பங்குகூட அதற்கு ஆகாது.

செங்கல் துண்டுகளைத் தனியாக வையுங்கள். செங்கல்லும் ஜல்லியாகப் பயன்படும், ஆனால் கான்கிரீட்டைவிட அதிகத் தண்ணீர் குடிக்கும், எளிதில் நசுங்கும். இரண்டையும் கலந்துவிட்டால் ஒவ்வொரு முறையும் கலவை வெவ்வேறு மாதிரி நடந்துகொள்ளும். தொடக்கத்தில் கான்கிரீட் மட்டும் போதும்.

உடைப்பதற்குத் தாடைக் கிரஷர் சிறந்தது. சோதனைக்குச் சம்மட்டியாலும் உடைக்கலாம். இரண்டிலும் தூசி பறக்கும், அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கும். அது நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ் வரும், வந்தால் குணமாகாது. துணியைக் கட்டிக்கொள்வது பாதுகாப்பல்ல. என் 95 அல்லது அதற்கு மேலான வடிகட்டி முகக்கவசம் வேண்டும், உடைக்கும்போது தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போட வேண்டும். பக்கத்தில் நிற்கும் உதவியாளருக்கும் இதே விதிதான்.

உடைத்ததை 10 மி.மீ. சல்லடையில் சலியுங்கள். மேலே நிற்பது மறுபடி உடைக்கப் போகட்டும். கீழே விழுந்ததை 4.75 மி.மீ. சல்லடையில் சலித்தால் மேலே நிற்பது உங்கள் ஜல்லி, கீழே விழுவது தூள். ஜிப்சம், மண், நொறுங்கிய பூச்சு எல்லாம் பெரும்பாலும் தூளில்தான் சேரும். அதனால் தொடக்கத்தில் அந்தத் தூளைக் கல்லுக்குப் பயன்படுத்த வேண்டாம், தரை நிரப்ப வைத்துக்கொள்ளலாம். சலித்த ஜல்லியைத் தண்ணீரில் அலசி, தார்ப்பாய் போட்டு மூடி வையுங்கள். எந்தக் கட்டடத்திலிருந்து, எந்தத் தேதியில் வந்தது என்று எழுதி ஒரு பலகையைக் குவியலில் குத்தி வையுங்கள். இரண்டு கட்டடங்களின் இடிபாட்டை ஒரே குவியலாக்காதீர்கள்.

ஜல்லி எவ்வளவு தண்ணீர் குடிக்கும்?

பழைய கான்கிரீட்டை உடைத்தால் வரும் ஒவ்வொரு துண்டிலும் பழைய சிமெண்ட் பூச்சு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பூச்சு முழுக்க நுண்துளை. சாதாரணக் கருங்கல் ஜல்லி தன் எடையில் ஏறக்குறைய 0.5 முதல் 2 சதவீதம் தண்ணீர் உறிஞ்சும் என்றால், இது 3 முதல் 10 சதவீதம் வரை உறிஞ்சும். கழிவுக் கல் தோற்றுப்போகும் காரணங்களில் முதலாவது இதுதான் என்பேன். கலவைக்கு ஊற்றிய தண்ணீரை ஜல்லி குடித்துவிடுகிறது, கலவை வறண்டு போகிறது, வேலை செய்பவர் கண்ணளவில் இன்னும் ஊற்றுகிறார், கடைசியில் சிமெண்டுக்குப் போன தண்ணீர் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாமல் போகிறது.

அளந்துவிட்டால் இந்தக் குழப்பமே இல்லை. 2 கிலோ ஜல்லியை ஒரு நாள் தண்ணீரில் ஊறவையுங்கள். வெளியே எடுத்து, துணியால் புறத்து ஈரத்தை மட்டும் துடைத்து எடை போடுங்கள். அப்புறம் அகலமான வாணலியில் போட்டு, எடை குறைவது நிற்கும் வரை வறுத்து, ஆறவிட்டு மறுபடி எடை போடுங்கள். இரண்டுக்குமான வித்தியாசத்தை உலர்ந்த எடையால் வகுத்தால் உறிஞ்சும் அளவு சதவீதத்தில் கிடைக்கும். குவியலில் இப்போது எவ்வளவு ஈரம் இருக்கிறது என்பதையும் இதே வறுக்கும் முறையில் பாருங்கள், ஊறவைக்காமல்.

இன்னொரு சின்னச் சோதனை: ஒரு கண்ணாடிக் குடுவையில் பாதி அளவு மணலைப் போட்டுத் தண்ணீர் நிரப்பி, குலுக்கி, சில மணி நேரம் அப்படியே விடுங்கள். மணலுக்கு மேல் படியும் வண்டல் அடுக்கு தடிமனாக இருந்தால் மணலைக் கழுவ வேண்டும். இதே குடுவையில் இடிபாட்டு ஜல்லியைப் போட்டால் மிதந்து வரும் மரத்தூளும் தெர்மாகோலும் தெரியும்.

இரண்டு கலவைகள்

கழிவுக் கலவையை மட்டும் செய்து பார்த்துப் பயனில்லை. கல் பலவீனமாக வந்தால் குறை கழிவிலா, சிமெண்டிலா, அதிர்விலா, கியூரிங்கிலா (கல்லை ஈரமாக வைத்து இறுகவிடுவதிலா) என்று எப்படித் தெரியும்? அதனால் ஒரே நாளில், ஒரே சிமெண்டில், ஒரே அச்சில் இரண்டு கலவை செய்யுங்கள். ஒன்றில் கழிவே இருக்காது. அதற்கு ஒப்பீட்டுக் கலவை என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

400 மி.மீ. நீளம், 200 உயரம், 100 தடிமன் உள்ள சாலிட் கல்லை எடுத்துக்கொள்வோம். அடர்த்தியைப் பொறுத்து ஒன்று 16, 17 கிலோ இருக்கும். ஆறு கற்களுக்குச் சிமெண்ட் 12 கிலோ, மணல் 42 கிலோ, 10 மி.மீ. ஜல்லி 54 கிலோ, தண்ணீர் 6 கிலோ அளவில் போதும். சட்டிக் கணக்கு வேண்டாம், எல்லாவற்றையும் எடை போடுங்கள்.

இரண்டாவது கலவையில் 54 கிலோ ஜல்லியில் கால் பங்கு, அதாவது 13.5 கிலோவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பழைய கான்கிரீட் ஜல்லியைப் போட வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பழைய கான்கிரீட் ஜல்லி கருங்கல்லைவிட இலேசானது. கருங்கல்லின் ஒப்படர்த்தி (தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது) 2.7 என்றும் இதன் ஒப்படர்த்தி 2.4 என்றும் வைத்துக்கொண்டால், அதே இடத்தை நிரப்ப 12 கிலோ போதும். எடைக்கு எடை மாற்றினால் கலவையில் ஜல்லி கூடிவிடும்.

அடுத்தது தண்ணீர்த் திருத்தம். உங்கள் ஜல்லி 6 சதவீதம் உறிஞ்சும், குவியலில் இப்போது 2 சதவீதம் ஈரம் இருக்கிறது என்று சோதனை சொன்னால், இன்னும் 4 சதவீதம் குடிக்கும். 12 கிலோவுக்கு அது 480 கிராம். அந்த 480 கிராமை ஜல்லிக்கு முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். முந்தைய நாள் மாலை தெளித்து மூடி வைத்தால் இன்னும் நல்லது. கலவைக்கான 6 கிலோவில் கை வைக்க வேண்டாம்.

மிக்சரில் போடும் வரிசையும் முக்கியம். முதலில் ஜல்லி, மணல், பாதித் தண்ணீர். இரண்டு நிமிடம் ஓட்டுங்கள். அப்புறம் சிமெண்ட், கடைசியில் மீதித் தண்ணீர். இப்படிச் செய்தால் பழைய பூச்சின் துளைகள் முதலில் நிரம்பிவிடும், சிமெண்ட் பசையும் துண்டுகளின் மேல் நன்றாக ஒட்டும். கல்லுக்கான கலவை வறண்ட கலவை என்பதால் சாயும் டிரம் மிக்சரில் உருண்டை கட்டும், தட்டு மிக்சர் சிறந்தது. தட்டு மிக்சர் இல்லையென்றால் இரும்புத் தகட்டின் மேல் கொட்டி மண்வெட்டியால் புரட்டுங்கள். நிறம் எங்கும் ஒன்றாகும் வரை நிறுத்தாதீர்கள்.

கலவை சரியா என்று கைதான் சொல்லும். ஒரு பிடி எடுத்து இறுக்குங்கள். கையைத் திறந்தால் உருண்டை உடையாமல் நிற்க வேண்டும், உள்ளங்கையில் இலேசான ஈரம் மட்டும் தெரிய வேண்டும். உதிர்ந்தால் தண்ணீர் குறைவு. விரலிடுக்கில் பசை வழிந்தால் அதிகம், அந்தக் கல் அச்சை எடுத்ததும் வயிறு தள்ளும். வெறும் கையால் தொடாதீர்கள், சிமெண்டின் காரம் தோலை அரித்துப் புண்ணாக்கும்.

அச்சும் அதிர்வும்

அச்சுக்கு எண்ணெய் தடவி, கலவையை இரண்டு தடவையாக நிரப்பி, அதிர்வு கொடுத்து அழுத்துங்கள். கையால் குத்தி இறுக்கும் அச்சிலும் கல் வரும், ஆனால் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் குத்த வேண்டும். அச்சிலிருந்து எடுத்ததும் ஒவ்வொரு கல்லையும் எடை போட்டுப் பாருங்கள். ஒரே கலவையில் வந்த இரண்டு கற்களின் எடையில் அரைக் கிலோவுக்கு மேல் வித்தியாசம் வந்தால் இறுக்கம் ஒன்றாக இல்லை என்று பொருள். கழிவைக் குறை சொல்வதற்கு முன்னால் அதைச் சரிசெய்யுங்கள்.

கியூரிங்

அச்சிலிருந்து எடுத்த கல்லை முதல் நாள் அசைக்கக் கூடாது. வெயிலும் காற்றும் நேரே படாமல் மூடி வையுங்கள். மறுநாளிலிருந்து குறைந்தது 14 நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை தண்ணீர் ஊற்றிவிட்டு நடுப்பகலில் காயவிடுவது கியூரிங் ஆகாது. ஈரச் சாக்கைப் போர்த்தி, அதன் மேல் பிளாஸ்டிக் தாளை மூடினால் தண்ணீரும் குறைவாகச் செலவாகும், ஈரமும் நிற்கும். ஃப்ளை ஆஷ் சேர்த்த கல்லுக்கு 21 நாள் கொடுங்கள். அதன் வினை மெதுவானது, பாதியில் தண்ணீரை நிறுத்தினால் வெறும் தூளாகவே தங்கிவிடும்.

கியூரிங் முடிந்ததும் கற்களை நிழலில், இடைவெளி விட்டு அடுக்கி நன்றாக உலரவிடுங்கள். பழைய கான்கிரீட் ஜல்லி சேர்ந்த கல் காயும்போது சாதாரணக் கல்லைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சுருங்கும். அந்தச் சுருக்கம் அடுக்கிலேயே முடியட்டும். ஈரக் கல்லைச் சுவரில் வைத்தால் சுவர்தான் சுருங்கி விரிசல் விடும்.

நசுக்கிப் பார்ப்பது

28ஆம் நாள் இரண்டு கலவையிலிருந்தும் மூன்று மூன்று கற்களைச் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோங்கள். சுவரில் எப்படி நிற்குமோ அப்படி நிறுத்தி அழுத்துவார்கள். நம் கல்லின் மேற்பரப்பு 400 பெருக்கல் 100, அதாவது 40,000 சதுர மி.மீ. கல் 200 கிலோநியூட்டனில் உடைந்தால் வலிமை 5 மெகாபாஸ்கல், அதாவது ஒரு சதுர மி.மீ.க்கு 5 நியூட்டன். எவ்வளவு வேண்டும் என்பது நாட்டையும் கல் வகையையும் பொறுத்தது. அமெரிக்கத் தரநிலை ஏ.எஸ்.டி.எம். சி 90, பாரம் தாங்கும் கல்லுக்கு மூன்று கற்களின் சராசரி 13.8 மெகாபாஸ்கல் கேட்கிறது. ஆனால் அது ஹாலோ கல்லின் துவாரத்தைக் கழித்த பரப்பில் கணக்கிட்டது. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 2185 துவாரத்தையும் சேர்த்த மொத்தப் பரப்பில் கணக்கிடுகிறது, அதனால் அதன் எண்கள் சிறியதாகத் தெரியும். இரண்டு நாட்டு எண்களை நேருக்கு நேர் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

ஒவ்வொரு கலவையிலும் மீதியுள்ள மூன்று கற்களைத் தண்ணீர் உறிஞ்சும் சோதனைக்கு வையுங்கள். அடுப்பில் முழுக்க உலர்த்தி எடை, ஒரு நாள் முழுகவைத்து எடை. 16 கிலோ கல் 17.2 கிலோ ஆனால் 7.5 சதவீதம். ஐ.எஸ். 2185 சராசரி 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. கழிவுக் கல்லின் எண் ஒப்பீட்டுக் கல்லின் எண்ணைவிடக் கொஞ்சம் கூடுவது இயல்பு. இரண்டு மடங்கானால் சலிப்பதிலோ இறுக்குவதிலோ ஏதோ தவறியிருக்கிறது.

வலிமை குறைந்து வந்தால் பலரும் உடனே செய்வது சிமெண்டைக் கூட்டுவது. எனக்கு அதில் உடன்பாடில்லை. உலகின் மொத்தக் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஏறக்குறைய 7, 8 சதவீதம் சிமெண்ட் உற்பத்தியிலிருந்து வருகிறது. ஒரு கான்கிரீட் கல்லின் கரியமில வாயுச் சுமையில் பெரும்பகுதி சிமெண்டிலேயே இருக்கிறது, ஜல்லியில் அல்ல. கழிவு ஜல்லியைச் சேர்த்துவிட்டு அதை ஈடுகட்டச் சிமெண்டைக் கூட்டினால், குப்பை மேட்டில் கொஞ்சம் இடம் மிஞ்சும், காற்றுக்கு முன்பைவிட அதிகக் கேடு. முதலில் ஜல்லியை இன்னொரு முறை அலசிப் பாருங்கள், சல்லடை அளவைப் பாருங்கள், அதிர்வைக் கூட்டுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் கழிவின் பங்கைக் குறையுங்கள்.

ஃப்ளை ஆஷும் மற்றவையும்

முதல் சோதனை தேறிய பிறகு சிமெண்டில் 20 முதல் 25 சதவீதத்தை ஃப்ளை ஆஷால் மாற்றிப் பாருங்கள். மேலே சொன்ன கலவையில் 12 கிலோவுக்குப் பதில் சிமெண்ட் 9 கிலோ, சாம்பல் 3 கிலோ. அந்தத் தடவை ஜல்லியை மாற்றாதீர்கள். ஒரு தடவைக்கு ஒரே மாற்றம் என்பது கண்டிப்பான விதியாக இருக்கட்டும். வெளிர் சாம்பல் நிறமாக, மாவாக இருப்பதை எடுங்கள். கறுத்திருந்தால் எரியாத கரி அதிகம், தண்ணீரைக் குடிக்கும். அனல்மின் நிலைய உலையின் அடியில் தங்கும் கொரகொரப்பான சாம்பல் ஃப்ளை ஆஷ் அல்ல, அதை மணலின் இடத்தில்தான் வைத்துப் பார்க்க முடியும். இந்தக் கல் 7 நாளில் ஒப்பீட்டுக் கல்லைவிடப் பின்தங்கியிருக்கும், 28இலும் கொஞ்சம் பின்தங்கலாம். 56ஆம் நாளும் ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள்.

அரைத்த ஊது உலைக் கசடு இதைவிடத் தாராளமானது, சிமெண்டில் பாதி வரைகூட மாற்றுகிறார்கள். உமிச் சாம்பல் 600, 700 டிகிரி செல்சியஸ் அளவில் கட்டுப்பாட்டோடு எரிந்திருந்தால்தான் பயன்படும். அதைவிட அதிகச் சூட்டில் அதன் சிலிக்கா படிகமாகி, வினை புரியும் தன்மையை இழந்துவிடும்.

கண்ணாடியைத் துண்டாகப் போடாதீர்கள். சிமெண்டின் காரமும் ஒருசில வகைச் சிலிக்காவும் வினை புரிந்து, தண்ணீரை இழுத்து வீங்கும் கூழ் உண்டாகிறது என்பதை 1940இல் கலிபோர்னியாவில் தாமஸ் ஸ்டான்டன் விளக்கினார். கண்ணாடித் துண்டு அந்த வினைக்கு வாகானது. அதே கண்ணாடியை 75 மைக்ரானுக்கும் கீழே மாவாக அரைத்தால் ஃப்ளை ஆஷின் வேலையைச் செய்கிறது. குளிர்பானப் பாட்டில்களை நன்றாகக் கழுவிவிட்டே அரையுங்கள், சர்க்கரை கொஞ்சம் கலந்தாலும் சிமெண்ட் இறுகத் தாமதமாகும்.

டயர்த் துருவலும் பிளாஸ்டிக் துண்டும் சிமெண்டோடு ஒட்டாது. மணலில் 5 சதவீதத்துக்கு மேல் போகப் போக வலிமை வேகமாக விழும். இரண்டும் எரியக்கூடியவை என்பதால் வீட்டின் உட்சுவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். வார்ப்பாலை மணலில் களிமண்ணும் கரித்தூளும் கலந்திருக்கும், பிசினும் உலோகமும்கூட இருக்கலாம், ஆய்வறிக்கை கேட்டு வாங்குங்கள்.

சுவருக்குப் போகும்போது

கல்லைவிட வலுவான சாந்துக் கலவையில் கட்டாதீர்கள். சுவர் சுருங்கும்போது விரிசல் இணைப்புகளில் விழுந்தால் பழுது பார்க்கலாம், கல்லுக்குக் குறுக்கே விழுந்தால் சிரமம். நீளச் சுவரில் இடையிடையே சுருங்க இடம் தரும் இணைப்பு விடுங்கள். தரையிலிருந்து ஈரம் ஏறாமல் கீழ்வரிசைக்கு அடியில் ஈரத்தடுப்பு கொடுங்கள். அடித்தளத்துக்கும் எப்போதும் நனையும் இடத்துக்கும் இந்தக் கற்கள் இப்போதைக்கு வேண்டாம்.

ஒவ்வொரு கலவைக்கும் ஒரு பக்கம் எழுதி வையுங்கள்: கழிவு வந்த இடம், உறிஞ்சும் அளவு, எடைகள், ஊற்றிய தண்ணீர், வார்த்த தேதி, சோதனை முடிவு. கல்லின் பக்கவாட்டிலும் கலவை எண்ணை எழுதுங்கள். அடுத்த லோடு வேறு கட்டடத்திலிருந்து வந்தால் உறிஞ்சும் சோதனையையும் நசுக்கும் சோதனையையும் மறுபடி செய்ய வேண்டும். மூன்று வெவ்வேறு கட்டடங்களின் இடிபாட்டிலும் கால் பங்குக் கலவை ஒப்பீட்டுக் கலவைக்கு அருகில் நின்றால், உங்கள் நாட்டு விதி இடம் கொடுத்தால் பங்கை 35 சதவீதம் ஆக்கிப் பாருங்கள். அதுவும் தேறினால் 50.